பத்து நாள் லீவில் இத்தாலி: எத்தனை ஊர் போதும்?

லீவு கிடைத்துவிட்டது. பத்து நாள். பாஸ்போர்ட் இருக்கிறது. பல வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் பாங்கியில் இருக்கிறது. இனி என்ன கவலை? எந்த ஊரைப் பார்ப்பது, எந்த ஊரை விடுவது என்பதுதான் கவலை!

மும்பை மாதுங்காவில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா தம்பதியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவிக்குப் பள்ளிக்கூட ஆபீசில். பிள்ளையின் படிப்பு, ஊரில் வீடு பழுது பார்த்தது, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. ஆயுளில் ஒரு தடவை இத்தாலியைப் பார்த்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. இன்னொரு தடவை போக முடியுமா என்பது சந்தேகம்தான்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணவர் ஒரு காகிதத்தை எடுத்து வரிசையாக எழுதுகிறார்: ரோம், நேப்பிள்ஸ், பைசா, பிளாரன்ஸ், வெனிஸ், வெரோனா, மிலான். ஏழு ஊர், பத்து நாள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் மிச்சம்கூட வருகிறது!

மனைவி காகிதத்தை வாங்கிப் பார்க்கிறார்.

"ஏங்க, இது ஊர் பார்க்கிற லிஸ்டா, ஸ்டேஷன் பார்க்கிற லிஸ்டா?"

நியாயமான கேள்வி. இத்தாலிக்குப் புறப்படும் நம்மவர்களில் பலர் சறுக்குகிற இடமும் இதுதான்.

ஏன் இத்தனை ஊர்?

சில நாடுகளில் தலைநகரைப் பார்த்துவிட்டால் முக்கால்வாசி பார்த்த மாதிரி. இத்தாலியில் அப்படி இல்லை. இத்தாலி என்ற ஒரே ராஜ்யம் ஏற்பட்டதே 1861-ல்தான். அதற்கு முன் பல தனித்தனி அரசுகள். வெனிஸ் பல நூற்றாண்டுகள் குடியரசாக இருந்து, 1797-ல் நெப்போலியனிடம் வீழ்ந்தது. இத்தாலியோடு சேர்ந்தது 1866-ல். பிளாரன்ஸ் ஒரு பெரிய பிரபுவின் ஆட்சியில் இருந்தது. 1865 முதல் 1871 வரை இத்தாலிக்கே தலைநகராகவும் இருந்தது. ரோம் 1870 வரை போப்பாண்டவரின் ஆளுகையில் இருந்தது.

ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் தனி அரண்மனை, தனிக் கோயில், தனிச் சமையல், தனிப் பேச்சு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதையும் பார்த்ததாக நினைத்துக்கொள்ள முடியாது. லிஸ்ட் நீளுவதற்குக் காரணம் வெறும் பேராசை என்று சொல்லிவிட முடியாது.

பத்து நாள் ஏழான கதை

சரி, கணக்குக்கு வருவோம். பத்து நாள் லீவு என்றால் இத்தாலியில் பத்து நாள் என்று அர்த்தமில்லை.

சனிக்கிழமை விடியற்காலை மும்பையில் விமானம் ஏறினால், வளைகுடா ஊர் ஒன்றில் மாறி, ரோமில் ஹோட்டல் அறைக்குள் நுழையும்போது சாயங்காலம் ஆகிவிடும். நம் கடிகாரம் அங்குள்ளதைவிடக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி முன்னால் ஓடுகிறது. எட்டு மணிக்கே கண் சொருகும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திரும்பும் விமானம். பத்தாம் நாளாகிய திங்கட்கிழமை வீடு வந்து சேரும் நாள். நடுவில் முழுசாகக் கையில் நிற்பது ஏழே நாள், எட்டு இரவு.

அந்த ஏழிலும் ஒரு பிடித்தம் உண்டு. ஊர் மாறுகிற ஒவ்வொரு தடவையும் அரை நாள் போய்விடும். ரயில் ஒன்றரை மணி நேரம்தானே என்று நினைக்கக்கூடாது. காலையில் பெட்டி கட்ட வேண்டும். பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இறங்கிய ஊரில் ஹோட்டலைத் தேட வேண்டும். அங்கே பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு முன் அறை கிடைப்பது அரிது. பெட்டியை வைத்துவிட்டு வெளியே வரும்போது வெயில் சாய்ந்திருக்கும்.

ஏழு ஊர் என்றால் ஆறு மாற்றம். ஆறு அரை நாள், மூன்று நாள். ஏழில் மூன்று போக மீதி நான்கு நாள். நான்கு நாளை ஏழு ஊருக்குப் பங்கிட்டால் ஊருக்கு அரை நாளும் கொஞ்சமும். மூன்று ஊர் என்றால் இரண்டே மாற்றம். ஒரு நாள்தான் நஷ்டம். மீதி ஆறு நாள். சராசரி ஊருக்கு இரண்டு நாள்.

அதே டிக்கெட், அதே லீவு, கிட்டத்தட்ட அதே செலவு. ஆனால் ஒருவர் பார்ப்பது நான்கு நாள் இத்தாலி. இன்னொருவர் பார்ப்பது ஆறு நாள் இத்தாலி. 2025-ல் ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டியது. அப்படிப்பட்ட விலையில் இரண்டு நாள் என்பது சாதாரணமா?

ரயில் சொல்லும் வழி

எந்த மூன்று ஊர் என்பதற்கு ரயில் பாதையே பாதி பதில் சொல்லிவிடுகிறது. ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் மூன்றும் தெற்கிலிருந்து வடக்கே ஒரே போக்கில் அமைந்தவை. ரோம் - பிளாரன்ஸ் பழைய பாதை வளைந்து வளைந்து 300 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதை நேராக்கி சுமார் 254 கிலோமீட்டரில் புதுப் பாதை போட்டார்கள். முதல் பகுதி 1977-ல் திறக்கப்பட்டது. முழுப் பாதை 1992-ல் முடிந்தது. இப்போது ஒன்றரை மணி நேரப் பிரயாணம்.

பிளாரன்சிலிருந்து வெனிசுக்கு இரண்டு மணிக்குச் சற்று அதிகம். வழியில் மலையழகை ரசிக்கலாம் என்று ஜன்னலோரத்துக்குப் போட்டி போட வேண்டாம். 2009-ல் திறந்த பிளாரன்ஸ் - போலோனா பாதை ஏறக்குறைய முழுவதும் சுரங்கம். கடைசிப் பத்து நிமிஷத்துக்குத்தான் ஜன்னல் வேண்டும். அங்கே ரயில் நிலத்தை விட்டுக் கடல்நீர்ப் பரப்பின் மேல் ஓடுகிறது. 1846-ல் திறந்த பாலம் அது. மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். பாம்பன் பாலத்தில் போனவர்களுக்கு அந்த அனுபவத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

டிக்கெட் விஷயத்தில் சில எச்சரிக்கைகள். வேக ரயில்களில் சீட் ரிசர்வேஷன் கட்டாயம். அரசாங்க ரயில் ஒருபுறம், 2012 முதல் தனியார் கம்பெனியின் ரயில் ஒருபுறம், ஒரே தண்டவாளத்தில் போட்டி போட்டு ஓடுகின்றன. முன்கூட்டி வாங்கினால் மலிவு. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பாது. ஆகவே ஊர்களைத் தீர்மானித்த பிறகுதான் வாங்க வேண்டும்.

உள்ளூர் பாசஞ்சர் ரயில்களுக்கு ரிசர்வேஷன் கிடையாது. என்று வாங்கினாலும் ஒரே கட்டணம். ஆனால் காகித டிக்கெட்டைப் பிளாட்பாரத்தில் உள்ள மெஷினில் செருகி முத்திரை குத்திக்கொண்டுதான் ஏற வேண்டும். குத்தாத டிக்கெட்டோடு பிடிபட்டால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்.

ஸ்டிரைக்கும் அங்கே அடிக்கடி உண்டு. தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள். என்றாலும் விமானம் ஏறுகிற நாளன்று நீண்ட ரயில் பிரயாணம் வைத்துக்கொள்ளாமல், முதல் நாள் இரவே அந்த ஊரில் இருப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்று: ரோமில் இறங்கி, ரோமிலேயே விமானம் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போகும்போது ரோம், திரும்பும்போது வெனிஸ் என்று ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். இல்லாவிட்டால் வெனிஸிலிருந்து ரோமுக்கு நாலு மணி நேரம் திரும்பி வர வேண்டும். பார்த்த பாதையை மறுபடி பார்க்க அரை நாள் எதற்கு?

ரோமுக்கு நான்கு இரவு

தலைநகருக்குத்தான் பெரிய பங்கு. எந்தக் கிழமையில் எதைப் பார்ப்பது என்பது முக்கியம். வாடிகன் மியூசியங்களுக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், அன்று இலவசம். அரசாங்க மியூசியங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஆனால் இலவச நாளில் கியூவில் நிற்கிற நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பத்து நாள் லீவுக்காரருக்குப் பணத்தைவிட நேரம்தான் விலை அதிகம்.

ஞாயிறு காலை புனித பேதுரு பேராலயம். நுழைவு இலவசம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போப்பாண்டவர் ஊரில் இருந்தால் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் தோன்றி ஆசி கூறுவார். பிற்பகல் பாந்தியன் கோயில். சுமார் 1,900 வருஷத்துக்கு முன் கம்பி எதுவும் இல்லாமல் காங்கிரீட்டால் கட்டிய அரைக்கோளக் கூரை. 43 மீட்டர் விட்டம். உச்சியில் திறந்த வட்டம்; மழை பெய்தால் உள்ளேயே பெய்யும்.

திங்கள், வாடிகன் மியூசியங்கள். மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை அண்ணாந்து நின்று தீட்டிய கூரைச் சித்திரம் இங்கேதான். செவ்வாய், கொலோசியம். கி.பி. 80-ல் திறந்துவைத்த அரங்கம். டிக்கெட்டில் பெயரும் நுழையும் நேரமும் இருக்கும். பாஸ்போர்ட் கையில் வேண்டும். பக்கத்திலுள்ள பழைய ரோமாபுரிச் சிதைவுகளுக்கும் அதே டிக்கெட் போதும்.

தெருவெங்கும் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டில் தண்ணீர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை. உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. நம் ஆபீஸ் கான்டீன் பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

பிளாரன்சுக்கு இரண்டு இரவு

புதன் காலை ரயில், பிற்பகல் பிளாரன்ஸ். சின்ன ஊர். ஸ்டேஷனிலிருந்து முக்கியமான இடங்களுக்கெல்லாம் நடந்தே போகலாம். பேராலயத்தின் பெரிய கும்மட்டம் 1420 முதல் 1436 வரை கட்டியது. மேலே ஏற 463 படி, லிப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று பார்ப்பதே உத்தமம்.

மைக்கேல் ஆஞ்சலோ ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கிய தாவீது சிலை ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். இன்னொரு பக்கம் உபீட்சி ஓவியசாலை. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'ஆபீஸ்கள்'! 1560-ல் ஊர் நிர்வாக அதிகாரிகளுக்காகக் கட்டத் தொடங்கிய கச்சேரிக் கட்டடம் அது. பைல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இன்று உலகப் புகழ்பெற்ற ஓவியங்கள் இருக்கின்றன. குமாஸ்தாக்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

தாவீது சிலை, ஓவியசாலை இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. பிளாரன்சுக்கு ஒரே நாள் ஒதுக்கி, அது திங்களாக அமைந்துவிட்டால் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பைசாவின் சாய்ந்த கோபுரத்துக்குத் தனியாக இரவு தங்கத் தேவையில்லை. பிளாரன்சிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஒரு மணி நேரம். வியாழன் அரை நாளில் போய்த் திரும்பலாம். 1173-ல் கட்டத் தொடங்கிய கோபுரம். கட்டும்போதே சாயத் தொடங்கியது. ஆபத்து என்று 1990-ல் மூடி, அடியில் மண்ணை எடுத்துச் சாய்வைச் சற்றுக் குறைத்து, 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள்.

வெனிசில் இரவு தங்க வேண்டும்

வெள்ளி காலை புறப்பட்டால் மதியம் வெனிஸ். இங்கேதான் பலர் கணக்குத் தப்புகிறார்கள். காலையில் வந்து மாலையில் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். பகல் முழுவதும் அப்படி வந்தவர்களின் கூட்டம். சந்துகளில் தோளோடு தோள் இடிக்கும். அந்தி சாய்ந்ததும் அவர்களெல்லாம் ரயில் ஏறிவிடுவார்கள். கார் இல்லை, ஆட்டோ இல்லை, ஹாரன் இல்லை. தண்ணீர் படியில் மோதும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வெனிசைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் போவது.

பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கும் முறை 2024 ஏப்ரல் 25-ல் தொடங்கியது. 2025-ல் முன்பதிவு செய்தவர்களுக்கு ஐந்து யூரோ. கடைசி நேரத்தில் வந்தவர்களுக்குப் பத்து. இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. அவர்கள் ஹோட்டலில் தலைக்கு ஒரு சிறு வரி கட்டுவார்கள்.

ரயிலில் வரும்போது முதலில் வருவது மெஸ்த்ரே ஸ்டேஷன். அது கரையில் உள்ள ஊர். அறை வாடகை மலிவு. தீவில் இறங்க வேண்டியவர்கள் அவசரப்பட்டு அங்கே இறங்கிவிடக்கூடாது; கடைசி ஸ்டேஷன்தான் வெனிஸ். வெளியே வந்தால் வாசலிலேயே கால்வாய். பஸ்ஸுக்குப் பதில் படகு. ஒற்றை டிக்கெட்டே ஒன்பது யூரோவுக்கு மேல். நூற்றுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகளை நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன; அநேகமாக எல்லாப் பாலத்துக்கும் படி உண்டு. கூலியாளை நம்பிப் பெரிய பெட்டி கொண்டுபோனவர்கள் முதல் பாலத்திலேயே வருத்தப்படுவார்கள்.

அடித்த ஊர்களின் நியாயம்

இப்போது காகிதத்தில் நேப்பிள்ஸ், வெரோனா, மிலான் மூன்றின் மேலும் கோடு விழுந்துவிட்டது. மனசு கேட்குமா? கேட்காதுதான்.

நேப்பிள்சுக்குப் பக்கத்தில் பொம்பெய் இருக்கிறது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம். அங்கே 1938-ல் ஒரு சிறு தந்தச் சிலை கிடைத்தது. நம் நாட்டு வேலைப்பாடு. லட்சுமி என்று பெயர் வைத்தார்கள்; யட்சி என்பாரும் உண்டு. இன்று நேப்பிள்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. நம் சரக்குக் கப்பல்களுக்கும் ரோமாபுரிக்கும் இருந்த உறவுக்கு அது ஒரு சாட்சி.

மிலானில் லியனார்டோ டாவின்சியின் கடைசி இராவுணவுச் சித்திரம். சின்னச் சின்னக் கூட்டமாக உள்ளே விட்டு, 15 நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்கும் முன்பதிவு வேண்டும். மிலான் - வெனிஸ் ரயில் பாதைக்குச் சற்றுத் தெற்கே காஸ்திலியோனே என்று ஒரு சிற்றூர். 1680-ல் அங்கே பிறந்த ஒருவர்தான் தமிழ்நாட்டுக்கு வந்து 'தேம்பாவணி' பாடி, சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர். தமிழருக்கு அந்தப் பக்கம் போக ஆசை வருவது இயற்கைதான்.

ஆகவே மூன்று ஊர் என்பது எல்லோருக்கும் ஒரே மூன்று அல்ல. முடிவு செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. புறப்படுகிறவர்கள் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில், எதைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாதோ அந்த ஒன்றை மட்டும் எழுத வேண்டும். ஊரின் பெயரை அல்ல. பார்க்க வேண்டிய பொருளை. அவை இருக்கும் ஊர்கள் முதலில். வழியில் வருபவை அடுத்தபடி. மற்றவற்றின் மேல் கோடு.

நம் மாதுங்கா தம்பதியும் அப்படியே எழுதுகிறார்கள். மனைவியின் துண்டில் பேதுரு பேராலயம். கணவரின் துண்டில் பொம்பெய்! செவ்வாய்க்கிழமையை அவருக்குக் கொடுத்துவிடலாம். ரோமிலிருந்து நேப்பிள்சுக்கு வேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிஷம். அங்கிருந்து சின்ன ரயிலில் நாற்பது நிமிஷம். காலையில் போய் இரவு ரோமுக்கே திரும்பலாம். பெட்டி கட்ட வேண்டாம். கொலோசியம் ஞாயிறு பிற்பகலுக்கு நகர்ந்துவிடும். பாந்தியனை ஒரு சாயங்காலம் போகிற வழியில் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

விசாவுக்கும் இதே காகிதம்

இந்தப் பங்கீடு வெறும் ரசனை விஷயம் அல்ல. விசா மனுவோடு, எந்த இரவு எந்த ஊரில் தங்குவது என்ற விவரத்தையும் ஹோட்டல் பதிவையும் காட்ட வேண்டும். ஆபீசில் லீவு கொடுத்த கடிதம், சம்பளச் சீட்டு, பாங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம்; பதினைந்து நாளுக்குள் போடுவதை ஏற்கமாட்டார்கள். அரசாங்க ஊழியர்கள் வெளிநாடு போக இலாகா அனுமதியும் முன்கூட்டியே பெற வேண்டும்.

கோடைச் சுற்றுலாக் கூட்டத்தையும் ஆகஸ்டு வெயிலையும் தவிர்த்து, ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போவது நல்லது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் நம்மவர்களுக்கு மே மாதம்தான் தோது.

சுருக்கமாக நாள் கணக்கு இதுதான்:

சனி - ரோம் வந்து சேருதல்.
ஞாயிறு, திங்கள், செவ்வாய் - ரோம் (ஒரு நாள் பொம்பெய்க்குக் கொடுக்கலாம்).
புதன், வியாழன் - பிளாரன்ஸ் (அரை நாள் பைசா).
வெள்ளி, சனி - வெனிஸ்.
ஞாயிறு - வெனிசில் விமானம்.
திங்கள் - வீடு.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசில் கையெழுத்துப் போடும்போது பக்கத்து மேஜைக்காரர், "மிலான் போகவில்லையா?" என்று கட்டாயம் கேட்பார். போகவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். ராத்திரி பத்து மணிக்கு வெனிஸ் எப்படி இருந்தது என்று அவர் கேட்டால், அதற்குச் சொல்ல நிறைய இருக்கும்.